செயினுக்குப் போட்ட கிரீஸ்

மாசி, வெள்ளிக்கிழமை இரவு.

பேத்தி ரம்யாவின் பைக் செயின் கறகறவென்று கத்தியது. நாளை காலை அதில்தான் அவள் பாண்டிச்சேரிக்குப் புது வேலைக்குப் போகிறாள். உப்பளத்து இன்ஜினுக்குப் போடும் கிரீஸை எடுத்து நானே அப்பி வைத்தேன்.

வந்து பார்த்தவள், "இன்னா ஆயா இது? உப்பும் மண்ணும் இதுல ஒட்டிக்கினு செயினையே தின்னுடும். உன்ன யாரு மெக்கானிக் ஆக்குனது?" என்றாள்.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். பிறகு செயின் ஸ்பிரே அடித்தாள். பின்சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தது நான்தான்.

"மெல்ல சுத்து ஆயா, ராட்டினமா இது?"

தோள் விட்டுப்போச்சு. கையை மாற்றிச் சுற்றினேன்.

காலை வரைக்கும் ஊறணுமாம். யாரும் தொடக் கூடாது என்று என்னைப் பார்த்தே சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். இடுக்கில் என் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்து, வழியில் பொம்மையார்பாளையம் தாண்டும்போது செயின் கியின் அறுந்துவிட்டால்... போய்ப் பார்க்கலாமென்றால் தொடக் கூடாது.