ஏழு கொடியில் இல்லாத பெயர்

என் செல்ல அக்காவுக்கு,

நீ கேட்ட துணித் தோரணத்தை ஒருவழியாகத் தைத்துவிட்டேன். மகளின் போன பிறந்தநாளுக்கே கேட்டாய். அப்போதுதான் நான் வீடியோ பார்த்துத் தையல் பழகிக்கொண்டிருந்தேன். ரெண்டே நாளில் தருகிறேன் என்றேன். அடுத்த வீடியோ, அதற்கடுத்த வீடியோ என்று நாள் ஓடிவிட்டது. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. வெற்றிலை பாக்கோடு வந்த பிளவுஸ் பிட்டுகளை இதற்கென்றே சேர்த்து வைத்திருந்தாயே, அந்தப் பையை அத்தான் எடுத்துக் கொடுத்தார். அத்தனை நிறத்தையும் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்ணார்பேட்டைக்கு ஓடிப்போய் நாடா வாங்கி வந்தேன். முக்கோணம் முக்கோணமாக வெட்டி, ஒரு கொடிக்கு ஓர் எழுத்து. எழுத்தின் புள்ளிகளுக்கு உன் பச்சைச் சுடிதாரின் பித்தான்கள். நானா தைத்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை அக்கா, அவ்வளவு அழகு!

ஆனால் நான் தைத்த பெயர் ஆவுடையம்மாள்.

உன் மாமியார் பெயர். அதையே உன் மகளுக்கும் வைத்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கிற பெயர். நீ ஒருநாளும் சொல்லாத பெயர். "பிள்ளைய ஏசணும்னாலும் மாமியார் பேரச் சொல்லித்தானட்டி ஏசணும்? நம்மால ஆவாது" என்று சிரித்து, பெயர் வைத்த அன்றைக்கே அவளைப் பிச்சி ஆக்கிவிட்டாய். தோரணத்தில் நீ கேட்டதும் அதுதான். நான் மறந்துபோய் இதைச் செய்யவில்லை. பிச்சி என்றால் மூன்றே கொடி. ஆவுடையம்மாள் ஏழு. சுவர் நிறையும், நான் எடுத்துப் போடப்போகிற வீடியோவில் எடுப்பாக இருக்கும். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

மாட்டி முடித்ததும் அவள் கீழே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு மாலை போட்டிருக்கும் உன் மாமியார் படத்தைப் பார்த்தாள்.

"சித்தி, ஆச்சிக்கா பொறந்தநாளு?"

அத்தான் சிரித்துவிட்டார். "ஏளா, அது ஒம் பேருதான்."

"அது பள்ளிக்கூடத்துப் பேரு" என்றாள். அப்புறம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திப் பைய கேட்டாள். "பிச்சிங்கது இப்ப எம் பேரு இல்லையா?"

நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை அக்கா. அத்தானுக்கு அது வாயில் வராது. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் அழுதுவிட்டேன். அதிலிருந்து 'பாப்பா'தான். எனக்கு அழுகை வருகிறது என்பதற்காக நீ வைத்த பெயரை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அப்போதாவது பதில் சொல்லியிருக்கலாம். கேக் வெட்டுவோம் வா என்று பேச்சை மாற்றினேன். வீடியோவையும் போட்டேன். பாராட்டு வந்துகொண்டே இருக்கிறது. அழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். இன்னும் அழிக்கவில்லை. நீ இருந்தால் என்னை எப்படி வைதிருப்பாய்?

மூன்று கொடி வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் இது துணியில் மட்டும் தீருகிற காரியமில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவளைக் கூப்பிடுவேன். அழுகை வந்தால் வரட்டும். அவள் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் கூப்பிடுவேன்.

உன் தங்கச்சி,
பிச்சியோட சித்தி