இஸ்பானா என்று கூப்பிட்டால்தான் வரும்

அப்பா,

இன்று பள்ளிவிட்டு வரும் வழியில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. நானே மாட்டினேன். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் கிரீஸ் வாசம் போகவில்லை. உங்கள் சட்டையின் வாசம். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறார். நான் உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் விடியும்வரை அழுவார். அதனால் போர்வைக்குள், போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாளை ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. பயமாக இருக்கிறது. போன வாரம் பயிற்சியில் பதற்றத்தில் "இஸ்கூல்" என்று சொல்லிவிட்டேன். "ஏய், ஒர்க்‌ஷாப் இங்கிலீசுலா!" என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சரியாக வரும்வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

லகாட்டில் நீங்கள் வேலை பார்த்த வண்டிப் பட்டறையில் உங்களையும் ஒருவர் திருத்தினார், நினைவிருக்கிறதா? புதுக் காரோடு வந்த இளைஞர். நீங்கள் காருக்கடியில் படுத்துக்கொண்டு, "பாப்பா, அந்த இஸ்பானாவ எடு" என்றீர்கள்.

"அண்ணே, ஸ்பேனர்னு சொல்லுங்கண்ணே."

"தம்பி, இது ரொம்ப வருசமா என்கிட்ட இருக்கு. இஸ்பானான்னு கூப்பிட்டாத்தான் வரும். நீ கூப்பிட்டுப் பாரு, வருதான்னு!"

பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீடு திரும்பும்போது மோட்டாரில் உங்கள் முதுகில் சாய்ந்தபடி, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "எஸ்டேட்டுப் பிள்ளைக்கு யாரு பாப்பா புத்தகத்துல காட்டுனா? தவுக்கே சொன்னத நான் புடிச்சுக்கிட்டேன். அவரு மலாய்க்கார டிரைவருங்க சொன்னத புடிச்சுக்கிட்டாரு. கை மாறி வர்ற சாமான்ல கீறல் இருக்கும்லா. வண்டி ஓடுதா, அதப் பாரு."

தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால் நாக்கு ஏறுவதற்கு ஒரு "இ"யைப் படியாகப் போட்டுக்கொள்கிறது என்று பிறகு வகுப்பில் படித்தேன். லாரியைப் பின்னால் எடுக்கும்போது பட்டறையில் எல்லாரும் "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்துவீர்களே, அது "கோ அஸ்டர்ன்", பின்னால் போ என்கிற கப்பல்காரர்களின் ஆங்கிலமாம். கடலில் பிறந்த சொல் எத்தனை வாய்களில் ஏறி இறங்கி லகாட்டுக்கு வந்திருக்கிறது! இதை உங்களிடம் சொல்லியிருந்தால், "பாத்தியா, நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றிருப்பீர்கள்.

சொல்வதற்குள் ஒரு மதியம் அந்தப் பட்டறையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. உங்கள் படங்கள் நிறைய இருக்கின்றன. குரல் எந்தப் போனிலும் இல்லை. பதற்றத்தில் என் வாயிலிருந்து நழுவுகிறதே உங்கள் "இ", அது மட்டும்தான் மிச்சம்.

மாலையில் கண்ணாடி முன் நின்று எல்லாச் சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. மறுபடி சொல்லிப் பார்க்கப் பயமாக இருந்தது. தேர்வில் தோற்பேனோ என்ற பயம் இல்லை இது. இனி பதறினாலும் நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்ற பயம்.

நாளை அவர்கள் கேட்கிறபடியே பேசிவிடுவேன், அப்பா. நான் நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டீர்கள்? முடிந்ததும் பள்ளித் திடலின் ஓரத்தில், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, உங்கள் சொற்களை உங்களைப் போலவே ஒவ்வொன்றாகச் சொல்வேன். வாய் மறந்துவிடக் கூடாது.