‘ம்’ கொட்டினால் நம்பாதே

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இரவு ஷிப்டுக்கு மாறியபின் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். நேற்று ஐந்துக்கு வேலை முடிந்து வந்து படுத்தேன். விழித்தபோது மணி ஆறு. அலறியடித்துக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். “ஏம்மா, இப்பத்தானே வீட்டுக்குப் போனே? இது காலை ஆறும்மா!” என்று வாட்ச்மேன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தினமும் சாயங்காலம் நீயே போன் பண்ணி எழுப்பு, அம்மா. அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறேன். நான் ‘ம்’ கொட்டினால் நம்பி வைத்துவிடாதே. நேற்று ராத்திரி மேஸ்திரி கேட்டதற்கெல்லாம், தகடு வெட்டும் மெஷினில் கைவைத்தபடி ‘ம்’ கொட்டினேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பயப்படாதே, பத்து விரலும் பத்திரம். இப்போதுகூட எண்ணிப் பார்த்தேன்.

உன் மகள்