ஈரத் துணிமேல் வைத்த தட்டு

மார்கழி 4, திங்கள்

பனி. ஆவடி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ராணுவ டிப்போ கேட்டே தெரியவில்லை. தொண்டை கமறல். மிளகு வாங்க வேண்டும்.

டிப்போ ஆஸ்பத்திரியில் நான் எடுக்கும் ரத்தப் பரிசோதனை வகுப்பு, மூன்றாம் வாரம். ஆட்கள் மூவர். இருவர் தூங்குமூஞ்சிகள். முனுசாமி தேறுவான். வார்டு வேலையிலிருந்து வந்தவன், என் வயது.

இன்று சொன்னது: பீங்கான் தட்டில் நோயாளியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்; அதில் கொடுப்பவர் ரத்தம் ஒரு சொட்டு. மணல்மணலாகத் திரண்டால் சேராது, ஏற்றக் கூடாது. ஆனால் சிலருடைய சீரம் குளிரில் எல்லா ரத்தத்தையும் திரட்டும், சொந்த ரத்தத்தைக்கூட. தட்டைச் சூடாக்கு, கரைந்துவிடும். மூன்று தரம் சொன்னேன்.

"அப்போ ரத்தத்து மேல தப்பு இல்ல, குளிரு மேலதான். அதானே சார்?" என்றான் மு. மனசு குளிர்ந்தது.

செவ்வாய்

மு. தட்டை நேரே ஸ்டவ்மேல் வைத்தான். டப்பென்று இரண்டாக. பீங்கான் தட்டு மொத்தமே இரண்டு, யுத்தத்தில் வேறு எங்கே வரும்?

"இன்னொண்ணு ஒடைச்சே, வார்டுக்கே திரும்பிப் போ!" எல்லார் முன்னும் கத்திவிட்டேன். இனி வெந்நீர்க் கிண்ணத்தின்மேல் வை என்றேன். தலையாட்டினான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கினான்.

புதன்

தட்டு தேடிப் பட்டணம். மூன்று கடை. "சண்டை முடியட்டும் சாமி, அப்பால வா." மிளகு கிடைத்தது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. நர்ஸம்மா வாசலிலேயே சொன்னார். டிப்போவில் கல் சுமக்கும் கன்னியம்மா, குத்தம்பாக்கத்துக்காரி, பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. புருஷனும் அண்ணன்கள் இருவரும் ரத்தம் கொடுக்கக் கை நீட்டியிருக்கிறார்கள். மூவருடையதும் திரண்டது. மு. 'சேராது' என்று எழுதிவிட்டான்.

ஒரு மணிக்குப் போய்விட்டாள். குழந்தை பிழைத்துவிட்டது.

வியாழன்

அவள் சீரம் கொஞ்சம் மிச்சம். புருஷன் ரத்தம் விட்டேன், திரண்டது. அவள் ரத்தத்தையே விட்டேன். அதுவும் திரண்டது. வெந்நீர்மேல் வைத்தேன். இரண்டும் கரைந்து தெளிந்தன. ஏற்றியிருக்கலாம்.

"சுட வச்சேன் சார், சத்தியமா வச்சேன். தட்டு வெடிச்சிடப் போவுதுன்னு ஈரத் துணி மேல ஆற வுட்டு, அப்பாலதான் பாத்தேன். நீங்கதானே சார்..." மு. முடிக்கவில்லை.

ஆறினால் மறுபடி திரளும், சூடு ஆறுமுன்னே பார்க்க வேண்டும் என்று சொன்னேனா? திங்கட்கிழமைக் குறிப்பைப் புரட்டினேன். இல்லை.

மூவருக்கும் பயிற்சி முடிந்ததாகப் பெரிய டாக்டர் என் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இதைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது, தெரியவில்லை.

வெள்ளி

பனி இல்லை. வாசலில் கன்னியம்மாவின் புருஷன். தோளில் குழந்தை, துண்டில் சுற்றி.

"ஏன் சார் என் ரத்தம் ஒத்துக்கல? நான் குடிக்கிறதாலயா? வுட்டுட்டேன் சார். முந்தாநாளோட வுட்டுட்டேன்."

முனுசாமி என் பின்னால் நின்றான். மூச்சுச் சத்தம் கேட்டது.

"சில ரத்தம் சேராதுப்பா" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனான்.