கடிகாரத்தில் இருந்த புள்ளிகள்

கிழக்கு பெர்லின்,
நவம்பர், 1963

பெருமதிப்பிற்குரிய கணவருக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்திற்கு உடன் விடை எழுதாமல் தாமதித்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். இதனை அஞ்சலில் சேர்க்கத் துணிவில்லை. வெளியூர்ப் பணியிடத்தில் தங்களைக் காண வரும் என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் சில்கே நலம். நன்றாக உண்கிறாள்.

சென்ற வாரம் மழலையர் பள்ளியில் ஆசிரியை, தொலைக்காட்சியில் செய்திக்கு முன் தோன்றும் கடிகாரத்தை வரையச் சொன்னார். நம் அரசின் கடிகாரத்தில் கோடுகள். நாம் பார்க்கக் கூடாத மேற்கு ஜெர்மனி ஒளிபரப்பின் கடிகாரத்தில் புள்ளிகள். சில்கே புள்ளிகளை வரைந்துவிட்டாள்.

"அடடே, அழகா இருக்கே! எங்கேம்மா பார்த்தே?" என்று ஆசிரியை கொஞ்சினாராம்.

"எதிர்வீட்டு ரூடிகர் மாமா வீட்டுல."

ரூடிகர் மேற்கின் ஒளிபரப்பை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வியாழனன்று அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். இன்னும் திரும்பவில்லை.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"நம்ம வீடுன்னு தெரிஞ்சா அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நீதானேம்மா சொன்னே?" என்றாள், ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

உயர்பள்ளி வாயிலை மிதியாமல் நூல்களை நானே கற்றுத் தேர்ந்தவள். அக்கணம் ஜாம் புட்டியை மூடி வைக்க மட்டுமே எனக்குத் தெரிந்தது.

இன்று ரூடிகரின் மனைவி வந்தாள். "எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ, அக்கா!" என்று அழுதபடி சில்கேயை மடியில் அமர்த்தித் தலைவாரிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொன்னால் அவர் மீளக்கூடும்; ஆனால் தங்களைப் பிடித்துச் செல்வார்கள். நான் சொல்லட்டுமா?

விரைவில் பதில் எழுதித் தம்பியிடமே கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் மனைவி