முதல் பக்கத்தில் அத்தை

நெயாஃபு, வாவாவு
செப்டம்பர் 14

அன்பு மகன் லிசியாதேவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் உன் தம்பி மாகாவும் புது மருமகளும் சுகமாக இருக்கிறோம், வள்ளிக்கிழங்குத் தோட்டமும் பன்றிகளும்கூட சுகம்தான். அங்கே ஆக்லாந்தில் நீயும் சலோமேயும், பிறந்து பன்னிரண்டு நாளாகியும் பேரில்லாமல் படுத்திருக்கும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் தவறாமல் கேட்டு வருகிறேன். பேர் இல்லாத பிள்ளைக்கு ஜெபிப்பது எவ்வளவு சங்கடம் தெரியுமா, 'அந்தச் சின்னது' என்று சொல்லித்தான் ஆண்டவருக்கு அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. நீ போனில் மூன்று முறை கேட்டாய், அத்தை ஏன் இன்னும் பேர் சொல்லி அனுப்பவில்லை, பிறப்புப் பதிவுப் படிவத்தை எழுதாமல் எத்தனை நாள் வைத்திருப்பது என்று. மூன்று முறையும் நான் "ஹலோ ஹலோ" என்று கத்திவிட்டு, காசு தீர்ந்தது போல வைத்துவிட்டேன். காசு தீரவில்லை. குற்றம் என்னுடையது, அதை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, காரியத்தைச் சரி செய்தாகிவிட்டது, சரி செய்யாமல் உன் அப்பன் பேனாவை எடுக்கமாட்டான்.

ஜூலையில் மாகாவின் கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்காமல் நீ அங்கே உட்கார்ந்து அழுதாய் என்று சலோமே சொன்னாள். அன்றைக்கே முடிவு கட்டினேன், என் பிள்ளை எதையும் தவறவிடக் கூடாது, நானே டிவிடி போடுகிறேன் என்று. கடையில் கொடுத்தால் மூன்று மணி நேரத்தையும் ஒரே நீளமாகப் பதிந்து கையில் திணித்துவிடுவார்கள், கேக் வெட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் தேய வேண்டும். நான் அப்படிச் செய்கிற ஆளா? முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் மேஸ்திரியாக இருந்தவன், எது மேலே எது கீழே, எதை எங்கே வைத்தால் கேட்டவுடன் கைக்கு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நீ அனுப்பிய பழைய கம்ப்யூட்டரில் அதற்கான புரோகிராம் இருந்தது, இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டேன். கேமராவில் இருக்கும் வீடியோக்களை உள்ளே இழுத்துப் போட வேண்டும், வேண்டாத இடத்தை வெட்ட வேண்டும், உன் அம்மா கேமராவை அணைக்க மறந்து தன் கால்விரலையே இருபது நிமிடம் எடுத்து வைத்திருந்தாள் அதையும் வெட்டினேன், பிறகுதான் முகப்பில் வரும் மெனு. ஆளின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் தெரியும். பின்னால் நம் கோயிலின் படம், அடியில் நம் ஊர்ப் பித்தளை வாத்தியக் கோஷ்டி வாசித்தது அரை நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும், மேலே தங்க எழுத்தில் தலைப்பு, நடுவே ஆறு சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதியின் படம் அசையும், ரிமோட்டை நகர்த்தினால் ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கட்டம், அமுக்கினால் நேரே அந்த இடம், முடிந்ததும் தானாக மெனுவுக்குத் திரும்பி வந்துவிடும். கடைக்காரனே பார்த்துவிட்டு "இத யாருப்பா செஞ்சு குடுத்தது?" என்று கேட்டான். விரலை என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். ஆட்டத்தை மட்டும் தனி ஜன்னலில் வைத்திருக்கிறேன், உன் சித்தப்பா மகன் குடித்துவிட்டு இடுப்பை ஆட்டுகிறான், அண்ணன் தங்கைகள் ஒரே அறையில் இருந்தால் அதைப் போடாதே. ஆக்லாந்தில் இதையெல்லாம் யாரப்பா பார்க்கிறார்கள் என்று என்னிடம் சொல்லாதே.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குச் சறுக்கியது ஏழாவது ஜன்னலில். ஒரு பக்கம் ஆறு ஜன்னல்தான் தாங்கும், ஏழாவது வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், அதற்கு ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். நான் அன்றைய நாள் நடந்தபடியே வரிசையாக அடுக்கினேன். விடியலில் உன் தாய்மாமன்கள் மண் அடுப்பில் பன்றி வைத்தது ஒன்று, பெண் அலங்காரம் இரண்டு, கோயில் மூன்று, பந்தி நான்கு, கேக் ஐந்து, ஆட்டம் ஆறு. மாலையில் என் அக்கா லோசலினேவுக்கு, உன் அத்தைக்கு, பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் வைத்து மரியாதை செய்தது ஏழு. கல்யாணப் பந்தலில் எல்லோருக்கும் மேலே தனிப் பாயில் உட்கார்ந்தவள், கேக்கின் மேல்தட்டு வெட்டப்படாமல் முழுசாக யார் வீட்டுக்குப் போனதோ அவள், என் டிவிடியில் ஓர் அம்புக்குறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தின் வரிசையைப் பார்த்தேன், குடும்பத்தின் வரிசையை மறந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை, பதினெட்டு நகல் போட்டு ஆக்லாந்துக்குப் பத்து, சிட்னிக்கு ஐந்து, மீதி மூன்று ஊருக்குள் என்று மார் தட்டிக்கொண்டு அனுப்பிவிட்டேன். டிவிடி என்பது கப்பல் ஏறிய சரக்கு மாதிரி, ஒருமுறை பதிந்துவிட்டால் பதிந்ததுதான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அக்கா வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். நம் வழக்கத்தில் அக்கா இருக்கும் அறையில் தம்பி நான் உட்கார்ந்து படம் பார்க்க முடியுமா, அக்காவின் கணவர் உன் வாஹா மாமாவோடு வெளியே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வாத்தியம் கேட்டது, சிரிப்பு கேட்டது, "பன்னியப் பாரு, பன்னியப் பாரு" என்று பிள்ளைகள் கத்தியது கேட்டது, நான் மாமாவுக்கு மெனு எப்படிச் செய்வது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு சத்தமே இல்லை. முதல் பக்கத்தில் இருந்த ஆறையும் பார்த்திருக்கிறார்கள், அக்கா தன் முறை வரும் வரும் என்று விசிறியை வீசிக்கொண்டு இருந்திருக்கிறாள், ஆட்டம் முடிந்து படம் பன்றியிடமே திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் அம்பு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, கடைசியில் யாரோ கண்டுபிடித்து அமுக்கப் போனபோது அக்கா எழுந்துவிட்டாள். வெளியே வந்து மாமாவைப் பார்த்து "கேக்கு நல்லா எடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன், என் அறிவை என்னவென்று சொல்ல!

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டிலிருந்து வழக்கமாக வரும் சாப்பாட்டுக் கூடை வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோயிலில் எனக்கு முன் வரிசையில்தான் உட்கார்ந்தாள், விசிறி மட்டும் படபடவென்று அடித்தது. அந்த நேரத்தில்தான் உனக்குப் பெண் பிறந்த செய்தி வந்தது. உனக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லை, பேர் வைக்கும் உரிமை முழுவதும் அவளுடையது, நான் ஓடோடிப் போய் மாமாவிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது, "பாத்து சொல்றேன்னு சொல்லுங்க, எனக்கென்ன, நான் எங்கயோ ரெண்டாம் பக்கத்துல கெடக்கறவ." எனக்குப் புரியவில்லை. எந்தப் பக்கம், என்ன பக்கம் என்று உன் அம்மாவிடம் கேட்டேன், அவள் மாவு பிசைந்த கையோடு இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க, ஒங்களுக்கு மூளை எங்க இருக்கு? எங்க அண்ணந்தம்பிங்க பன்னி சுடறத வாசல்ல வெச்சுட்டு, ஒங்க அக்காவத் தூக்கிக் கொல்லப்பக்கம் போட்டிருக்கீங்களே! எங்க வீட்டு ஆளுங்களே வெக்கப்பட்டுச் சாகறாங்க, பெரியண்ணன் ஒரு வாரமா கடைத்தெருவுக்குப் போகல." தாய்மாமன் இடம் அடுப்படி, அத்தை இடம் தலைமாடு, இது நம் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். அப்போதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று வாரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை, அக்காவைப் பற்றித் தம்பியிடம் யார் வந்து பேசுவார்கள். மகனே, உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் அழுதேன், என் ஒரு பெருமைக்காக உன் பிள்ளை பேரில்லாமல் கிடக்கிறதே என்று.

ஆனால் அழுதுகொண்டே இருக்கிற ஆள் நானில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து மெனுவை முழுக்கக் கலைத்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், திரையில் பாதி அளவு, அதில் அக்கா பாய்மேல் உட்கார்ந்திருக்கிறாள், துணிகளைத் தூக்கி வருகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். மாப்பிள்ளை பெண் உட்பட மற்ற எல்லோரும் இரண்டாம் பக்கம், பன்றி கடைசி. பிறகு அந்த டிவிடியை எடுத்துக்கொண்டு, இடுப்பில் இருப்பதிலேயே பெரிய கிழிந்த பாயைச் சுற்றி, கழுத்தில் இஃபி இலை மாலை போட்டுக்கொண்டு, நடுப்பகலில் தெரு பார்க்க நடந்து போய் அக்கா வாசலில் தலை குனிந்து தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க அந்த மாலையை நான் போட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை, போட்டால் தப்பில்லை என்று உனக்கும் சொல்லி வைக்கிறேன். மாமா டிவிடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், நான் ஒரு மணி நேரம் போல இருந்தேன். உள்ளே வாத்தியம் கேட்டது, திரும்பத் திரும்ப அரை நிமிடம் ஓடியது, அவள் எதையும் அமுக்காமல் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வாஹா மாமா வெளியே வந்து மாலையைக் கழற்றிவிட்டு என்னைத் தூக்கினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவின் வார்த்தையைச் சொன்னார். "பேரு எப்பவோ முடிவாயிடுச்சு. போன்ல சொல்ற வெவகாரமா அது? மொகத்தக் காட்டித்தான் சொல்லுவேன், கேமராவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அத மொதல் பக்கத்துல வெக்கணும். ஆனா ஒண்ணு. என்னை ரெண்டாம் பக்கத்துல வெச்சாரில்ல என் தம்பி, பேத்தி பேரையும் அவரு ரெண்டாவதாத்தான் கேக்கணும். பெத்தவன் மொதல்ல கேக்கட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். உன் அம்மா போய் அக்காவைப் படம் எடுத்து வந்தாள், நான் மரத்தடியில் இருந்தேன். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெட்டி ஒட்டினேன், உதடு அசைவதைப் பார்த்து ஊகித்துவிடுவேனோ என்று அந்த இடம் வந்தபோது கையால் திரையை மறைத்துக்கொண்டேன். அனுப்பும் முன் டிவியில் போட்டு ஒவ்வொரு ஜன்னலாகச் சோதிக்காமல் நான் எதையும் கையை விட்டு அனுப்பியதில்லை, இதை மட்டும் உன் அம்மா சோதித்தாள், நான் பன்றிக்குத் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது, "வேல செய்யுது" என்றாள், அவ்வளவுதான். வாயில் எதுவும் தங்காத அந்தப் பெண் நாலு நாளாக வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள், என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வேறு. எனக்கு மனதில் ஒரு பேர் உண்டு, எழுதமாட்டேன், எழுதினால் அக்காவின் உரிமையில் கை வைத்ததாகும்.

வியாழக்கிழமை விமானத்தில் வரும் போதகர் மனைவியிடம் இந்தக் கடிதமும் பத்து டிவிடியும் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று உனக்கு, அதில் மட்டும்தான் அக்காவின் ஜன்னலுக்கு மேலே இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கும், அதற்கு நான் தலைப்பு எழுதவில்லை, பேர் எனக்குத் தெரியாதே. மற்ற ஒன்பதும் அங்கே இருக்கும் நம் ஜனங்களுக்கு. வீடு வீடாகப் போய்ப் பழைய டிவிடியைக் கையில் வாங்கிய பிறகே புதியதைக் கொடு, வாங்கியதை அங்கேயே இரண்டாக உடை, யார் வீட்டிலும் அந்தப் பன்றி முதலில் வரக் கூடாது. டிவிடியின் அடிப்பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடி, துடைத்தால் நடுவிலிருந்து வெளியே துடை. சலோமேயைக் குளிர் காற்றில் நிற்க விடாதே, பிள்ளைக்கும் தலையை மூடு, வேலை வேலை என்று ஜெபத்தை விட்டுவிடாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், என் பேத்தி நூறு கல்யாணத்தில் மேல் பாயில் உட்காரட்டும். மறக்காமல் ஒன்று செய். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஜன்னலை அமுக்கு. அத்தை சொல்வதைக் கேட்டதும் எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி, இந்தத் தடவை நான் வைத்துவிடமாட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் காத்திருக்கும்
உன் அப்பா,
கெலேபி