ஒன்றரை முழத்தில் எத்தனை அரை முழம்

என்றும் முப்பத்தைந்து வயதிலேயே நிற்கும் என் அன்பு ஹேமா அக்காவுக்கு,

நாம் பார்த்துக்கொண்டதே இல்லை. நீங்கள் போன மறு வருடம் உங்கள் கணவரைக் கட்டிக்கொண்டு, கே.கே. நகரிலிருந்து இந்த ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தவள் நான். வயதில் நான்தான் பெரியவள். ஆனாலும் முதலில் வந்தவர் நீங்கள், அதனால் அக்கா.

ஹாலில் உங்கள் படம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு மூட்டுவலி, கண்ணாடி, நரை எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. உங்களுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்? உங்கள் சாம்பார், உங்கள் கோலம், நீங்கள் பால்காரரை மடக்கிய சாமர்த்தியம் என்று கீழ்வீட்டு மாமி அளப்பதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பின்னக் கணக்கிலும் வந்து நின்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் நிவேதா இப்போது ஏழாவது. பாதியில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்றால், பென்சிலை எடுக்க மாட்டாள், கைக்குட்டையை எடுப்பாள். நெடுக்கே இரண்டாக மடித்து, குறுக்கே மூன்றாக மடித்துப் பிரித்தால் ஆறு கட்டம். "ஆறுல ஒண்ணு. அம்மா சொல்லிக் கொடுத்தது." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சம் என் பக்கம் ஒரு நாளும் திரும்பியதில்லை.

நல்லவேளை, வகுத்தல் சொல்லிக் கொடுப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே திக்கென்கிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்க மாட்டேன். நினைத்தது அதுதான்.

வகுத்தலாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கு. அவ்வளவுதான்."

"ஏன் சித்தி தலைகீழா போடணும்?"

"எங்க டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க."

"அம்மான்னா ஏன்னு சொல்லுவாங்க."

ரோஷத்தில் நானும் கைக்குட்டையை எடுத்தேன். அரையைக் காலால் வகுக்கப் போய், மடித்து மடித்து எட்டில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சித்தி, நீங்க பெருக்கிட்டீங்க."

படத்தில் நீங்கள் வழக்கம்போலச் சிரித்தீர்கள். அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

தினமும் சாயங்காலம் ஒரு முழம் மல்லிகை வாங்குவேன். அரை முழம் உங்கள் படத்துக்கு, அரை முழம் அவள் சடைக்கு. நான் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் பூவில் பங்கு கேட்ட மாதிரி இருக்குமே. வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

மறுநாள் கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்தேன். "ஒரு முழத்துல எத்தனை அரை முழம் இருக்கு?"

"ரெண்டு."

"கால் முழமா வெட்டினா?"

"நாலு." யோசித்தாள். "ஒவ்வொரு முழத்துலயும் நாலு கால் இருக்கு. அதனாலதான் நாலால பெருக்கறோமா? அதுக்குத்தான் தலைகீழா?"

"பின்னே?" என்றேன், எனக்கே அப்போதுதான் புரிந்தது என்பதைக் காட்டிக்கொள்ளாமல்.

பூவை இரண்டாக வெட்டிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு ஒண்ணரை முழம் வாங்கிட்டு வாங்க."

"எதுக்குடி? ரெண்டு துண்டு போதுமே."

"அரையால வகுத்துப் பாருங்க."

அடுப்படியில் நின்று வகுத்தேன். ஒன்றரை என்றால் இரண்டில் மூன்று, அதை இரண்டால் பெருக்கினால் மூன்று. உங்களுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூன்றாவது? சாதம் குழைந்துபோனது.

மறுநாள் அவளே வெட்டினாள். ஒன்று உங்களுக்கு. ஒன்று சடையில். "திரும்புங்க சித்தி," என்றாள். ஹேர்பின் குத்தியது. நான் தலையை அசைக்கவே இல்லை.

அப்புறம் அவள் தூங்கப் போனதும் அளந்து பார்த்தேன். உங்கள் துண்டு என்னுடையதைவிட இரண்டு விரல் நீளம். எப்படி அக்கா இதையெல்லாம் சாதிக்கிறீர்கள்?

சரி, ஒரு ஒப்பந்தம். பெருக்கல் பக்கம் நான் வர மாட்டேன், கைக்குட்டை உங்களுடையது. வகுத்தல் பக்கம் நீங்கள் வரக் கூடாது. ஒன்றரை முழம் ஒரு நாளும் தவறாது. கத்தரிக்கோலை அவளிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அளப்பதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

மூன்றாவது துண்டுக்குச் சொந்தக்காரி,
உங்கள் தங்கை, நிவேதாவின் சித்தி